காரில் கேட்கும் பாட்டும் மண்டபத்தில் மறைக்கும் பாட்டும்

சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்து, இப்போது கோலாலம்பூரில் பணியாற்றும் ஒரு தங்கை இப்படிக் கேட்டிருக்கிறார். அண்ணனின் திருமண விருந்துக்குப் பாடல் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு அவரிடம் வந்திருக்கிறது. உறுமி மேளம், தொண்ணூறுகளின் கானாப் பாடல்கள், அப்பா விரும்பிக் கேட்கும் மலாய் ஸ்லோ ராக் பாடல்கள் ஆகிய மூன்றையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். அலுவலக நண்பர்கள் வருவார்களே, என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். ஆனால் ஊருக்கு வரும்போதெல்லாம் நெடுஞ்சாலையில் தனியாகக் காரில் கேட்டுக்கொண்டு வருவது அதே பாடல்களைத்தான். "என் ரசனை தாழ்ந்ததா, இல்லை இந்தக் கூச்சம் தவறா? பிடித்ததை வெட்கப்படாமல் கேட்கலாம் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்களே, அது சரியா?" என்பது அவருடைய கேள்வி.

உங்கள் ரசனை தாழ்ந்ததென்று நான் கருதவில்லை. ஒரு பாட்டைக் கேட்பதற்கு நாம் கூசும்போது, அந்தப் பாட்டை வேறு யாரெல்லாம் கேட்கிறார்கள், அவர்களோடு நம்மையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணிவிடுவார்களோ என்ற அச்சமே பெரும்பாலும் உள்ளே வேலை செய்கிறது. பாட்டின் தரத்துக்கும் அந்தக் கூச்சத்துக்கும் உள்ள தொடர்பு மிகக் குறைவு. யார் முன்னிலையில் ஒலியைக் குறைக்கிறோம் என்று நம்மை நாமே கேட்டுப் பார்த்தால் இது விளங்கும். கேள்வியின் கடைசிப் பகுதிக்கு மட்டும் என்னால் முழுமையாக ஆம் என்று சொல்ல இயலாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பேராக் மாநிலத்தின் தோட்டப்புற ஊர்களில் திருமண விருந்துகளுக்குப் பல காலம் கீபோர்டு வாசித்தவன் நான். மேடைக்கு வரும் விருப்பப் பாடல் சீட்டுகளை வைத்தே ஓர் ஊரின் மனத்தைப் படித்துவிடலாம். விருந்து தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் வருகிற சீட்டுகளில் விசுவநாதன் - ராமமூர்த்தி காலத்துப் பாடல்களும் இளையராஜாவின் மெலடிகளும் இருக்கும். எழுத்து தெளிவாக இருக்கும், அடியில் அனுப்பியவரின் பெயரும் மேசை எண்ணும்கூட இருக்கும். கானாப் பாட்டைச் சீட்டில் எழுதிக் கேட்பவர் அரிது. அதை விரும்புகிறவர் மேடையின் பக்கவாட்டில் வந்து, டிரம்ஸ் வாசிப்பவரின் காதோரம் குனிந்து பாட்டின் முதல் அடியைச் சொல்லிவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல் தம் மேசைக்குத் திரும்பிவிடுவார். பாட்டு தொடங்கியதும் அவர் எழுந்து ஆட, பெயரெழுதி மெலடி கேட்ட பெரியவர்களில் பாதிப்பேர் அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்துகொள்வார்கள். எழுதிக் கேட்கத்தக்க பாட்டு, காதில் மட்டுமே சொல்லத்தக்க பாட்டு என்ற இந்தப் பிரிவினையை இசையின் இலக்கணம் உண்டாக்கவில்லை. காதில் சொல்லப்பட்டவை வாசிப்பதற்கு எளியவையாகவும் இருந்ததில்லை; தேவாவின் கானாப் பாடல்களில் குரல் தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி, அடி முடியும் இடத்தில் சட்டென்று வந்து சேரும் லாகவத்தைப் பிடிப்பதற்கு நல்ல பாடகர்களே திணறியிருக்கிறார்கள்.

இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது என்று பார்க்க, நம் ஊரின் கதைக்குத்தான் திரும்ப வேண்டும். இந்திய அரசு 1938-இல் தடை விதிக்கும்வரை, கங்காணிகள் வழியாகத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ரப்பர் தோட்டங்களுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தப்பு என்ற பறையும் உறுமியும் அவர்களோடு வந்தன. மாரியம்மன் திருவிழாவிலும் தீமிதியிலும் சாவு வீட்டிலும் அவை ஒலித்தன. தப்பு அடித்தவர்கள் எந்தச் சாதியினர் என்று, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எல்லாருக்கும் தெரியும். கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர் வீட்டுப் பிள்ளைகள் அந்த ஒலியின் பக்கம் போகக் கூடாது என்று வளர்க்கப்பட்டதற்கு அதுவே காரணம். ஒலி அதிகமாக இருந்தது என்பது பிறகு சொல்லப்பட்ட சாக்கு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தபோது, லயத்து வாழ்க்கையின் அடையாளங்களை அங்கேயே விட்டுவிட வேண்டும் என்ற ஏக்கம் பலருக்கு இருந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு ஓடிய தாய்மார்களின் பிள்ளைகள் அந்த இருட்டை மறக்க விரும்பியது இயல்பு. ஆனால் மறக்க வேண்டியவற்றின் வரிசையில் உறுமியும் சேர்ந்துவிட்டது.

உறுமியை அருகில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு அதன் நுட்பம் தெரியும். ஒரு முகத்தை மெல்லிய குச்சியால் அடிக்கிறார்கள். மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கிறார்கள். தேய்க்கும் குச்சியின் அழுத்தம் கூடக் கூட, தோலிலிருந்து எழுகிற முனகல் மேலேறிப் பின் வளைந்து இறங்குகிறது. அடிக்கும் கைக்கும் தேய்க்கும் கைக்கும் வேறு வேறு வேலை. இரண்டும் ஒரே நடையில் பொருந்தி நிற்பதற்குப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும். மிருதங்க வித்துவானிடம் வியக்கிற அதே உழைப்பு இங்கும் இருக்கிறது. வியப்பதற்கு நமக்கு அனுமதி கிடைக்காமல் போனதுதான் வேறுபாடு.

அனுமதி எப்போது வரும், எப்போது போகும் என்பதற்குச் செவ்விசை உலகத்திலேயே சான்றுகள் இருக்கின்றன. கர்நாடக இசைக் கச்சேரியில் தெலுங்கு, சமஸ்கிருதக் கீர்த்தனைகளே நடுநாயகமாக இருந்த காலத்தில், தமிழ்ப் பாடல்கள் பெரும்பாலும் இறுதியில் துக்கடாவாகவே பாடப்பட்டன. கேட்பவர்களுக்குத் தாய்மொழிப் பாட்டு பிடித்திருந்தது; ஆனாலும் அது கனமான பகுதி முடிந்த பிறகு சுவைக்க வேண்டிய சில்லறையாகக் கருதப்பட்டது. இதை எதிர்த்துத்தான் 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கப்பட்டது. பரதநாட்டியத்தின் கதை இன்னும் கூர்மையானது. சதிர் என்ற பெயரில் தேவதாசிக் குடும்பங்கள் ஆடிவந்தபோது மதிப்புள்ள வீட்டார் அதைப் பார்ப்பதற்கே கூசினார்கள். ருக்மிணி தேவி 1936-இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய காலத்தை ஒட்டி அது வேறு வீட்டுப் பெண்களின் கலையாக மாறியது. அதைக் காலங்காலமாகக் காத்துவந்த பெண்கள் ஓரங்கட்டப்பட்டார்கள். இன்று மலேசியாவின் சிறு ஊர்களில்கூடப் பெற்றோர் மிச்சம் பிடித்துப் பிள்ளைகளைப் பரத வகுப்புக்கு அனுப்புகிறார்கள். சதிராக இருந்தபோது இகழ்ச்சிக்கும் பரதமானபோது பெருமைக்கும் உரியதாக இருந்த அந்தக் கலையில், அடவுகளைவிட ஆடியவர்களின் பிறப்பே மிகுதியாக மாறியிருந்தது.

திரைப்பாட்டும் இதற்குத் தப்பவில்லை. இந்தியாவில் 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடமே இல்லை என்னும் அளவுக்கு அவற்றை ஒதுக்கினார். மக்கள் வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். 1957-இல் விவித பாரதி தொடங்கப்பட்டு, ஒதுக்கிய பாடல்களை அரசே திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அந்த ஆண்டுகளின் திரைப்பாடல்களைத்தான் இன்று நம் பெரியவர்கள் "அந்தக் காலத்துப் பாட்டு போல வருமா" என்று போற்றுகிறார்கள். 1976-இல் அன்னக்கிளி வந்தபோது பட்டிக்காட்டு இசை என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. 1992-இல் ரோஜா வந்தபோது இயந்திர இரைச்சல் என்றவர்களும் உண்டு. இருபது ஆண்டுகள் கழித்து அவையெல்லாம் சீட்டில் பெயரெழுதிக் கேட்கும் பாடல்களாகிவிட்டன.

நம் பக்கத்திலும் அப்படியே. மலேசியத் தமிழ் ராப் தோட்டத்துப் பையன்களின் கூச்சல் என்று பேசப்பட்ட நாள்களை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். யோகி பி, ஈப்போவிலிருந்து வந்த நட்சத்ரா குழுவினரோடு சேர்ந்து 2006-இல் வல்லவன் இசைத்தொகுப்பை வெளியிட்டு, இளையராஜாவின் மடை திறந்து பாடலைப் புதிதாக்கித் தந்தபோதும் பலர் தயங்கினார்கள். அடுத்த ஆண்டே பொல்லாதவன் படத்தில் அவருடைய குரல் ஒலித்த பிறகு, "நம்ம பையன்" என்ற உரிமை எங்கிருந்தோ வந்துவிட்டது. சென்னை ஒப்புக்கொண்ட பிறகே நம் பிள்ளைகளை நாம் ஒப்புக்கொள்கிறோம் என்பது எனக்கு இன்றளவும் வருத்தம் தருகிறது. பறைக்கும் அதுதான் நடக்கிறது. பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டதன் பின்னர், அதுவரை காதைப் பொத்திக்கொண்டிருந்தவர்களும் தொன்மை, மரபு என்று பேசத் தொடங்கியிருக்கிறார்கள்.

அப்பாவின் ஸ்லோ ராக் பாடல்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எண்பதுகளின் பின்பகுதியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் இளைஞராக இருந்த தோட்டப்புறத் தமிழர்களுக்குச் சர்ச் (Search), விங்ஸ் (Wings) போன்ற மலாய் ராக் குழுக்களின் பாடல்கள் சொந்தப் பாடல்களாகவே இருந்தன. மலாய் நண்பர்களோடு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்து, பேருந்தில் திரும்பும்போது கேட்டவை அவை. மலாய்ச் சமூகத்திலேயே அவற்றை ஜிவாங் என்று, அழுது வடியும் பாட்டு என்ற பொருளில் கேலி செய்தார்கள். 1992-இல் நீள முடி வைத்த ராக் பாடகர்களை அரசுத் தொலைக்காட்சி ஒதுக்கியும் வைத்தது. இன்று அதே பாடகர்களுக்கு மூத்த கலைஞர்கள் என்ற மரியாதை. இதற்கும் முன்னால், பினாங்கில் பிறந்த மலாய்த் திரைக்கலைஞரும் பாடகருமான பி. ரம்லீயின் வாழ்க்கை இருக்கிறது. அறுபதுகளில் கிட்டார் குழுக்களின் அலை எழுந்தபோது அவருடைய இசை பழசாகிவிட்டது என்று ஒதுக்கப்பட்டது. 1973-இல் அவர் வறுமையில் இறந்தார். டான் ஸ்ரீ பட்டம் 1990-இல்தான் வழங்கப்பட்டது. ரசனையின் மாற்றம் ஒருவருக்கு எவ்வளவு தாமதமாக நியாயம் செய்யும் என்பதற்கு இந்நாட்டில் இதைவிட வேறு சான்று தேவையில்லை. உங்கள் அப்பாவின் பாடல்களை நீங்கள் நீக்கியபோது, தமிழர் வீட்டு விருந்தில் மலாய்ப் பாட்டு எதற்கு என்ற எண்ணமும் கூடவே இருந்திருக்கலாம். அவர் அந்தப் பாடல்களை வேற்று மொழியாகக் கேட்கவில்லை என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியேர் பூர்தியூ, ரசனை என்பது பெரும்பாலும் வர்க்கத்தின் வேலி என்பதை விரிவான கள ஆய்வுகளின் துணையோடு 1979-இல் எழுதினார். ஒன்றை வெறுப்பதன் மூலமே மனிதர்கள் தங்கள் இடத்தை அறிவித்துக்கொள்கிறார்கள் என்பது அவருடைய கண்டுபிடிப்புகளில் முக்கியமானது. அதே 1979 ஜூலை 12 அன்று, சிகாகோவின் கோமிஸ்கி பார்க் விளையாட்டரங்கில் ஒரு வானொலி அறிவிப்பாளரின் தலைமையில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள்; கூட்டம் கட்டுக்கடங்காமல் போய் அன்றைய இரண்டாவது பேஸ்பால் ஆட்டமே கைவிடப்பட்டது. டிஸ்கோவை வளர்த்தவர்களில் பெரும்பகுதியினர் கறுப்பின மக்களும் லத்தீன் மக்களும் ஒருபால் ஈர்ப்பாளர்களும் ஆவர். வெறுப்பின் இலக்கு வெறும் தாளம் மட்டும்தானா என்ற கேள்வி அன்றிலிருந்து இன்றுவரை பேசப்படுகிறது.

பிறகு காற்று மாறியது. அமெரிக்கச் சமூகவியலாளர்கள் ரிச்சர்ட் பீட்டர்சனும் ராஜர் கெர்னும் 1982, 1992 ஆகிய ஆண்டுகளின் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு, செவ்விசையை விரும்பும் மேல்தட்டினர் மற்ற வகைகளையும் முன்பைவிட அதிகமாக ஏற்றுக்கொள்வதை 1996-இல் காட்டினார்கள். எல்லாவற்றையும் கேட்பது பெருமையாகத் தொடங்கிய காலம் அது. 2004-இல் கெலெஃபா சானே நியூயார்க் டைம்ஸ் இதழில், ராக் இசையை மட்டுமே உண்மையான கலையென்று வைத்து மற்ற ஜனரஞ்சகப் பாடல்களை மட்டம்தட்டும் விமர்சகர்களின் பழக்கத்தைக் கடுமையாகச் சாடினார். ஒரு காலத்தில் மலிவான பாப் என்று எள்ளப்பட்ட ஆபா குழு 2010-இல் ராக் இசைக்கான புகழ்மண்டபத்திலேயே இடம்பெற்றது.

பிடித்ததை வெட்கப்படாமல் கேட்கலாம் என்று இப்போது எல்லாரும் சொல்லும் கருத்து இந்தக் காற்றில் வந்ததுதான். அதில் நன்மை உண்டு. ஆனால் அதற்குள் ஒரு கள்ளக் கணக்கு ஒளிந்திருக்கிறது. பெத்தனி பிரைசன் என்ற ஆய்வாளர் அதே 1996-இல் வெளியிட்ட ஆய்வில், படித்தவர்கள் பல வகை இசையை ஏற்றாலும், அவர்கள் இன்னமும் மறுக்கிற ஒரு சில வகைகள், படிப்பு குறைந்தவர்கள் அதிகம் விரும்பும் வகைகளாகவே இருப்பதைக் கண்டார். எல்லாமே பிடிக்கும் என்று சொல்பவரின் பட்டியலிலும் யாரோ ஒருவர் வெளியே நிற்கிறார். நம் ஊரில் இதைக் கண்ணால் காணலாம். வழக்கறிஞர் ஒருவர் உறுமி மேளத்துக்கு ஆடினால் எவ்வளவு எளிமையான மனிதர் என்பார்கள். கிடங்கில் மூட்டை தூக்கும் பையன் அதே அடிக்கு ஆடினால் குண்டர் கும்பலோ என்று பார்ப்பார்கள். வெட்கப்படத் தேவையில்லை என்ற சுதந்திரம், ஏற்கெனவே மதிப்பைச் சம்பாதித்துவிட்டவருக்குத்தான் முதலில் கிடைக்கிறது. நீங்கள் கோலாலம்பூரில் வேலையிலிருப்பதால் அந்தச் சுதந்திரம் உங்களுக்கு வந்துவிட்டது. உங்களோடு தமிழ்ப்பள்ளியில் படித்து ஊரிலேயே தங்கிவிட்டவர்களுக்கு இன்னும் வரவில்லை. விருந்துக்கு அவர்களும்தானே வருவார்கள்?

உடம்பு இந்தக் கணக்குகளை அறியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப எதிர்ப்படுவதே ஒன்றின்மேல் விருப்பத்தை வளர்க்கும் என்று உளவியலாளர் ராபர்ட் சயோன்க் 1968-இல் காட்டினார். கோயில் திருவிழாவின் குழாய் ஒலிபெருக்கியில் காலை முதல் இரவுவரை கேட்ட பாடல்கள் உங்களை விடாமல் பிடித்திருப்பதில் வியப்பில்லை. மொன்றியாலில் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தமக்குப் பிடித்த இசையைக் கேட்டுச் சிலிர்த்தவர்களின் மூளையில் டோபமைன் சுரப்பதைக் கண்டார்கள். எந்த இசை என்று ஆய்வாளர்கள் விதிக்கவில்லை. ஒவ்வொருவரும் தம் சிலிர்ப்பைத் தாமே கொண்டுவந்தார்கள்.

இனி, முழுமையாக ஆம் சொல்ல முடியாததன் காரணம். மற்றவர் முன் வருகிற கூச்சம் ஒன்று, தனியாக இருக்கும்போதும் உறுத்துகிற மனச்சாட்சி மற்றொன்று. காரில் தனியாகக் கேட்கும்போது ஒரு வரி வந்ததும் முகம் சுருங்குகிறது என்றால், அதை ரசனைக் கூச்சத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மறுத்த பெண்ணைப் பழித்துப் பாடுகிற பாடல்கள், ஒரு சாதியின் வீரத்தைச் சொல்லி இன்னொன்றை மிரட்டும் பாடல்கள் எவ்வளவு நல்ல தாளத்தில் வந்தாலும் எனக்கு ஏற்புடையவை அல்ல. மேடையில் வாசிக்கச் சொன்னபோது மறுத்திருக்கிறேன். கானாவிலும் இவை உண்டு, நயமான மெலடியிலும் உண்டு. மெல்லிய குரலில் பாடப்பட்டதால் தப்பித்துக்கொண்ட வரிகள் நம் பொற்காலப் பாடல்களில் ஏராளம். சீட்டில் எழுதிக் கேட்கப்படுபவற்றையும் அதே கண்ணோடு பார்ப்பதுதான் நேர்மை. இடம் பற்றிய ஆட்சேபமும் வேறு. பத்துமலையில் தைப்பூசக் காவடிக்கு முன்னால் திரைப்பாட்டு மெட்டை அடிக்க வேண்டாம் என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்டுக்கொள்கிறார்கள். விரதமிருந்து வருபவரின் மனநிலையைக் கருதி நான் அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதையே சாக்காக வைத்து உறுமியையே இழிவாகப் பேசுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உங்கள் பட்டியலுக்கு வருவோம். உறுமியை மண்டபத்து வாசலில், மணமக்கள் காரிலிருந்து இறங்கி உள்ளே வரும்வரை வைத்துக்கொள்ளுங்கள். மூடிய, குளிரூட்டப்பட்ட மண்டபத்துக்குள் ஒரு குழுவே அடித்தால் அந்தத் தேய்ப்பின் வளைவுகள் எதிரொலியில் கரைந்துவிடும். முன்வரிசையில் உட்காரும் முதியவர்களுக்கும் தாங்காது. குழுத் தலைவரிடம் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று முன்பே பேசிவிடுங்கள். கானாப் பாடல்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தூவ வேண்டாம். கேக் வெட்டிய பிறகு நான்கைந்தைத் தொடர்ச்சியாக வையுங்கள், ஆட எழுந்தவர்கள் பாட்டுக்குப் பாட்டு உட்கார்ந்து எழ விரும்ப மாட்டார்கள். வரிகளை வீட்டில் ஒருமுறை பொறுமையாகக் கேட்டு, வேண்டாதவற்றை நீக்கிவிடுங்கள். ஸ்லோ ராக்கில் எந்தப் பாட்டு வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யாமல் அப்பாவிடம் கேளுங்கள். சாப்பாடு பரிமாறும் நேரத்தில் இரண்டு பாடல்கள் போதும். அந்தப் பாடகர்கள் கடைசிச் சரணத்தில் மிக உயரத்துக்குப் போவார்கள், எனவே சுருதியை ஒன்றரை, இரண்டு கட்டை இறக்கிக்கொள்ளும்படி இசைக்குழுவிடம் சொல்லுங்கள். பாடல் பெயர்களையும் நன்கு முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். தமிழ்ப் பாடல்களைப்போல் மலாய்ப் பாடல்கள் எல்லாக் குழுக்களுக்கும் மனப்பாடமாக இருப்பதில்லை, குறைந்தது ஓர் ஒத்திகையாவது அவர்களுக்கு வேண்டியிருக்கும்.